எதிர்பாராத வாரிசு: நீண்ட முகத்தால் பிரான்ஸைச் சிரிக்க வைத்த ஃபெர்னான்டெலின் வாழ்க்கைப் பயணம்

வங்கி வேலை எதிலும் நிலைக்க முடியாத மார்சேய் நகர இளைஞர் ஒருவர், பிரெஞ்சுத் திரையுலகின் தன்னிகரற்ற நகைச்சுவை நடிகராக உயர்ந்த வரலாறு இது.

1940-ம் ஆண்டு பிரான்ஸில் ஒரு நகைச்சுவைத் திரைப்படம் வெளியானது. அதன் பெயரைத் தமிழில் 'மோந்தெசீர் குடும்பத்தின் வாரிசு' எனச் சொல்லலாம். பிரபு ஒருவரின் பெருஞ்சொத்துக்கு யாரும் எதிர்பாராத வகையில் ஒரு தபால்காரர் வாரிசாகிறார். கடிதப் பையைச் சுமந்து வீடு வீடாக நடந்தவர், திடீரென மாளிகைக்கு உரிமையாளராகிறார். அந்த வெள்ளந்தி மனிதராக நடித்தவர் ஃபெர்னான்டெல். ஆல்பெர் வாலந்தன் இயக்கிய அப்படத்தில் எல்வீர் போபெஸ்கோ, ழூல் பெர்ரி போன்ற அக்காலத்தின் முன்னணி நடிகர்களும் இடம்பெற்றிருந்தனர்.

இன்று அந்தப் படம் பெரிதாகப் பேசப்படுவதில்லை. எனினும், ஃபெர்னான்டெலின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள அது நல்ல வாசலாக அமைகிறது. தகுதியற்றவர் எனப் பிறரால் ஒதுக்கப்பட்ட எளியவனின் கையில் செல்வமோ, புகழோ, அதிகாரமோ வந்து சேர்ந்தால் என்ன நடக்கும் என்ற கேள்வியை அவர் தமது திரைவாழ்வு முழுவதும் வெவ்வேறு வேடங்களில் எழுப்பிக்கொண்டே இருந்தார். அவரது சொந்த வாழ்க்கையும் ஏறத்தாழ அதே கதைதான்.

மார்சேயில் பிறப்பு:

பிரான்ஸின் தென்கோடியில், மத்தியதரைக் கடலை ஒட்டிய துறைமுக நகரமான மார்சேயில் 1903-ம் ஆண்டு மே 8-ம் தேதி அவர் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஃபெர்னான் ழோசெஃப் தெசிரே கோந்தாந்தன். தந்தை தெனி கோந்தாந்தன் பகலில் அலுவலக ஊழியர். ஓய்வு நேரங்களில் மேடைகளில் நகைச்சுவைப் பாடல்கள் பாடும் கலைஞர். தமது பெயரின் எழுத்துகளைத் தலைகீழாக மாற்றி 'சினெத்' என்ற புனைபெயரில் அவர் மேடையேறினார். பாட்டு அவருக்கு முழுநேரத் தொழிலாக அமையவில்லை. ஆனால் மேடை மீதான ஆசையை மகனுக்கு அளித்தார். அந்தக் குடும்பத்தில் மகனுக்குக் கிடைத்த உண்மையான சொத்து அதுவே.

அக்காலத்தில் பிரான்ஸின் இசை அரங்குகளில் படைவீரர் நகைச்சுவை என்றொரு தனி வகை செல்வாக்குடன் விளங்கியது. பொருந்தாத சீருடை அணிந்த, கிராமத்திலிருந்து ராணுவத்துக்கு வந்த அப்பாவி வீரன் மேடையில் தோன்றி, தன் சங்கடங்களைப் பாட்டாகப் பாடுவான். இந்த வகையில் பெரும்புகழ் பெற்றவர் போலன் என்ற பாடகர். சிறுவன் ஃபெர்னான் அவரைத் தமது ஆதர்சமாகக் கொண்டார். பள்ளிப் பருவத்திலேயே படைவீரர் வேடமிட்டு மேடையேறினார். நீண்ட முகமும், பெரிய பற்களும், அகன்ற சிரிப்பும் கொண்ட அந்தச் சிறுவன் வாயைத் திறப்பதற்கு முன்பே அரங்கம் சிரிக்கத் தொடங்கியது.

முகத்தைப் பார்த்துப் பிறர் சிரிப்பது வேறு எந்தச் சிறுவனுக்கும் வேதனையாக அமைந்திருக்கும். குதிரை முகம் என்ற கேலி அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. அதை மறைக்க அவர் முயலவில்லை. அந்த முகத்தின் ஒவ்வொரு தசையையும் தமது விருப்பப்படி இயக்கும் பயிற்சியை மெல்ல மெல்ல வசப்படுத்திக்கொண்டார். பின்னாளில், 1949-ல், புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் பிலிப் ஹால்ஸ்மன் ஒரு வித்தியாசமான நூலை வெளியிட்டார். அதில் கேள்விகள் மட்டுமே எழுத்தில் இருந்தன. பதில்கள் அனைத்தும் ஃபெர்னான்டெலின் முகபாவங்கள். ஒரு சொல்கூடப் பேசாமல் ஒரு முழு நேர்காணலை அளிக்க அவரால் முடிந்தது.

வங்கியில் நிலைக்காத வேலை:

மேடையில் கைத்தட்டல் கிடைத்தாலும், அது வீட்டு அடுப்பை எரிக்கப் போதுமானதாக இல்லை. முதல் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பிந்தைய ஆண்டுகளிலும் இளைஞர் ஃபெர்னான் வங்கிகளில் குமாஸ்தா வேலை பார்த்தார். எந்த இடத்திலும் அவர் நிலைக்கவில்லை. மாலையில் பாடப் போகும் அரங்கத்தின் நினைவிலேயே பகல் கழிந்தால் கணக்குப் புத்தகம் எப்படிச் சரியாக வரும்? ஒன்றன்பின் ஒன்றாக வேலைகள் கைநழுவின.

இந்தக் காலகட்டத்தில் ழான் மான்ஸ் என்ற நண்பர் அவருக்கு அமைந்தார். பாடல் எழுதும் ஆர்வம் கொண்ட மான்ஸ், பின்னாளில் ஃபெர்னான்டெலுக்குப் பல பாடல்களையும் திரைக்கதைகளையும் எழுதியவர். நண்பரின் சகோதரியான ஆன்ரியெத் மான்ஸை ஃபெர்னான் காதலித்து, 1925-ல் மணந்துகொண்டார்.

அவருக்கு மேடைப் பெயர் கிடைத்ததும் இந்தக் காதலால்தான். ஆன்ரியெத்தைக் காண அவர் அடிக்கடி வீட்டுக்கு வருவதைக் கண்ட அவரது வருங்கால மாமியார், மகளின் ஃபெர்னான் வந்துவிட்டார் என்ற பொருளில் விளையாட்டாகக் குறிப்பிடுவாராம். பிரெஞ்சு மொழியில் 'ஃபெர்னான் தெல்' என்றால் அவளுடைய ஃபெர்னான் என்று பொருள். அந்த வீட்டுக் கேலியே உலகம் அறிந்த பெயராக மாறியது. இத்தம்பதிக்கு ழோசெத், ழனீன் என்ற இரு மகள்களும், ஃபிராங்க் என்ற மகனும் பிறந்தனர். திரையுலகின் உச்சத்தில் இருந்தபோதும் அந்த மணவாழ்வு முறியவில்லை. 1971-ல் அவர் மறையும் வரை ஆன்ரியெத் அவருடன் இருந்தார்.

பேசும் படம் தந்த வாய்ப்பு:

மார்சேயிலும் தென் பிரான்ஸின் பிற நகரங்களிலும் பாடிப் பெயர் பெற்ற ஃபெர்னான்டெல், 1928-ல் பாரிஸின் புகழ்பெற்ற பொபினோ இசை அரங்கில் மேடையேறினார். தெற்கத்திய உச்சரிப்புடன் பேசுபவரைத் தலைநகரம் ஏற்குமா என்ற ஐயம் அப்போது இருந்தது. பாரிஸ் ரசிகர்கள் அவரை ஏற்றுக்கொண்டனர்.

சரியாக அந்த நேரத்தில்தான் திரைப்படம் பேசத் தொடங்கியிருந்தது. மௌனப் படங்களின் நட்சத்திரங்கள் பலர் குரல் பொருந்தாமல் பின்தங்கினர். பாடவும் பேசவும் தெரிந்த இசை அரங்கக் கலைஞர்களைத் தயாரிப்பாளர்கள் தேடினர். 1931-ல் வெளியான 'வெள்ளையும் கறுப்பும்' என்ற படத்தில் விடுதிப் பணியாளராகச் சிறு வேடம் ஃபெர்னான்டெலுக்குக் கிடைத்தது. சாஷா கித்ரியின் நாடகத்தைத் தழுவிய அப்படத்தின் நாயகன், மார்சேயைப் போலவே தென் பிரான்ஸின் துறைமுக நகரான தூலோனிலிருந்து வந்த ரெய்மு. அதே ஆண்டில் இயக்குநர் ழான் ரெனுவாரின் முதல் பேசும் படத்திலும் ஃபெர்னான்டெல் ஒரு சிறு வேடத்தில் தோன்றினார்.

அடுத்த ஆண்டே நாயகன் வேடம் வந்தது. மோப்பசானின் சிறுகதையைத் தழுவி 1932-ல் எடுக்கப்பட்ட 'மதாம் உய்சோனின் ரோஜா மன்னன்' என்ற படம் அது. ஒரு சிற்றூரில் ஒழுக்கத்தில் சிறந்த கன்னிக்கு ஆண்டுதோறும் பரிசளிக்க முடிவு செய்கிறார்கள். ஊரிலுள்ள எந்தப் பெண்ணும் தேர்வுக் குழுவினரின் கடுமையான அளவுகோலுக்குப் பொருந்தவில்லை. இறுதியில் ஓர் அப்பாவி இளைஞனுக்கே பரிசை வழங்கிவிடுகிறார்கள். பரிசும் பாராட்டும் கிடைத்த பின்னர் அந்த ஒழுக்கம் எத்தனை நாள் நீடிக்கிறது என்பதே மீதிக்கதை. எதிர்பாராத வாரிசு என்ற வேடம் ஃபெர்னான்டெலிடம் வந்து சேர்ந்த முதல் படம் இதுவே எனலாம். இதே கதை 1950-ல் மீண்டும் படமாக்கப்பட்டபோது, அவ்வேடத்தை ஏற்றவர் அடுத்த தலைமுறை நகைச்சுவை நடிகரான பூர்வில்.

பாஞோல் கண்டெடுத்த மறுமுகம்:

வெற்றி வந்ததும் ஒரே மாதிரியான வேடங்கள் குவிந்தன. ராணுவ முகாம் கேலிக்கூத்துகள், பாட்டும் குழப்பமும் நிறைந்த கதைகள் என ஆண்டுக்குப் பல படங்கள் வெளியாயின. வெறும் கோமாளியாகவே அவர் முடிந்துபோயிருக்கக் கூடும். அந்த நிலையை மாற்றியவர் எழுத்தாளரும் இயக்குநருமான மார்செல் பாஞோல்.

மார்சேய்க்கு அருகிலுள்ள ஒபாஞ் நகரில் பிறந்த பாஞோல், தென் பிரான்ஸின் மண்ணையும் மனிதர்களையும் திரைக்குக் கொண்டுவந்தவர். ழான் ஜியோனோவின் நாவலைத் தழுவி 1934-ல் அவர் எடுத்த 'ஆஞ்செல்' படத்தில், பண்ணை வேலையாள் சத்துர்னன் வேடத்தை ஃபெர்னான்டெலுக்கு அளித்தார். பண்ணை வீட்டு மகள் ஏமாற்றப்பட்டு நகரத்தில் பாலியல் தொழிலில் தள்ளப்படுகிறாள். அவளைத் தேடிச் சென்று, கைக்குழந்தையுடன் வீட்டுக்கு அழைத்து வருபவன் அந்த வேலையாள். அவமானத்துக்கு அஞ்சிய தந்தை, மகளை நிலவறையில் அடைத்துவைக்கிறார். அறிவில் குறைந்தவனாக மற்றவர்கள் கருதும் சத்துர்னனிடமே அந்த வீட்டின் முழு மனிதநேயமும் இருக்கிறது. அரங்கில் சிரிக்க வந்தவர்கள் கண் கலங்கினர். செயற்கை அரங்குகளைத் தவிர்த்து மார்சேய் அருகேயுள்ள குன்றுகளின் திறந்தவெளியில் பெருமளவு படமாக்கப்பட்டது இப்படத்தின் மற்றொரு சிறப்பு.

அதன்பின் 1937-ல் 'மறுமலர்ச்சி' படத்தில் ஊர் ஊராகச் சுற்றும் சாணை பிடிப்பவராக நடித்தார். பரிவுக்கு இடமளிக்காத, சுயநலம் மிகுந்த பாத்திரம் அது. 1938-ல் வெளியான 'ஷ்புந்த்ஸ்' படம் ஃபெர்னான்டெலுக்கென்றே அமைந்ததைப் போன்றது. மளிகைக் கடைக்காரரின் வீட்டில் வளரும் இரேனே என்ற இளைஞன், தான் பிறவி நடிகன் என உறுதியாக நம்புகிறான். அவ்வழியே வந்த படப்பிடிப்புக் குழுவினர் அவனைக் கேலி செய்ய, பொய்யான ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்குகின்றனர். அதை நம்பி அவன் பாரிஸ் வந்து நிற்கிறான்.

இப்படத்தில் ஒரு காட்சி பிரெஞ்சுத் திரை வரலாற்றில் நிலைபெற்றது. மரண தண்டனை குறித்த ஒரே ஒரு சட்ட வரியை அச்சம், இரக்கம், ஐயம், களிப்பு என வெவ்வேறு உணர்வுகளில் இரேனே மாற்றி மாற்றிச் சொல்லிக்காட்டுகிறான். சொற்கள் மாறவில்லை, முகமும் குரலும் மட்டுமே மாறுகின்றன. படத்தின் பிற்பகுதியில், நகைச்சுவை நடிகன் எனத் தன்னைப் பிறர் அழைப்பதை இரேனே அவமானமாகக் கருதுகிறான். களைத்துப்போன, துயரம் நிறைந்த மக்களைச் சிரிக்க வைப்பவன் எந்தத் துன்பியல் நடிகனுக்கும் தாழ்ந்தவன் அல்லன் என்ற வாதம் அப்போது முன்வைக்கப்படுகிறது. அந்த வாதத்துக்கு உயிருள்ள சான்றாகத் திரையில் நின்றவர் ஃபெர்னான்டெல்.

பாடகராகவும் உச்சம்:

இதே காலத்தில் பாடகராகவும் அவர் வீடுதோறும் அறியப்பட்டார். 1937-ல் வெளிவந்த 'இஞாஸ்' படமும் அதன் தலைப்புப் பாடலும் பெரும் வெற்றி பெற்றன. 'ஃபெலிசியும்கூட' என்ற பொருளில் அமைந்த அவரது மற்றொரு நகைச்சுவைப் பாடல் இன்றளவும் பிரான்ஸில் நினைவுகூரப்படுகிறது. அப்பாடலுக்கு இசையமைத்தவர் போலந்தின் வூட்ஜ் நகரில் பிறந்த யூதரான காசிமிர் ஓபெர்ஃபெல்ட். நாடு முழுவதும் முணுமுணுத்த மெட்டுகளைத் தந்த அந்த இசையமைப்பாளர், போர்க்காலத்தில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமுக்கு நாடு கடத்தப்பட்டு, 1945-ல் உயிரிழந்தார். ஃபெர்னான்டெலின் மகிழ்ச்சியான பாடல்களைக் கேட்கும்போது மறந்துவிடக் கூடாத செய்தி இது.

போர்க்கால நெருக்கடி:

'மோந்தெசீர் குடும்பத்தின் வாரிசு' படத்துக்கு இங்கு மீண்டும் வர வேண்டியுள்ளது. பிரெஞ்சு மொழியில், பிரெஞ்சு நடிகர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட அந்தப் படத்தின் பின்னணியில் இருந்தது ஜெர்மனியின் உஃபா நிறுவனம். 1930-களில் இத்தகைய கூட்டு முயற்சிகள் வழக்கமானவை. பெர்லினின் படப்பிடிப்புத் தளங்களில் தொழில்நுட்ப வசதிகள் மிகுதி; பிரெஞ்சுப் படங்களுக்குச் சந்தையும் இருந்தது. ஆனால் அந்தப் படம் திரைக்கு வந்த 1940-ல் இரு நாடுகளும் போரில் இருந்தன. அதே ஆண்டு ஜூன் மாதம் பாரிஸ் ஜெர்மானியப் படைகளிடம் வீழ்ந்தது.

அந்த வீழ்ச்சியின் நடுவே ஃபெர்னான்டெல், பாஞோலின் 'கிணறு வெட்டுபவரின் மகள்' படத்தில் ரெய்முவுடன் நடித்துக்கொண்டிருந்தார். போரால் படப்பிடிப்பு நிறுத்தப்பட்டது. போர் நிறுத்தத்துக்குப் பின் மீண்டும் தொடங்கி, அந்த ஆண்டின் இறுதியிலேயே படம் வெளியானது. பிரான்ஸின் தோல்வியை அறிவிக்கும் மார்ஷல் பெத்தேனின் வானொலி உரையைக் கதாபாத்திரங்கள் கூடி நின்று கேட்கும் காட்சி அதில் சேர்க்கப்பட்டிருந்தது. நாட்டில் நடந்துகொண்டிருந்த துயரம் அப்படியே கதைக்குள் நுழைந்தது.

ஆக்கிரமிப்புக் காலத்தில் பாரிஸில் ஜெர்மானியர்கள் கோந்தினாந்தால் என்ற திரைப்பட நிறுவனத்தைத் தொடங்கினர். பிரான்ஸின் முன்னணிக் கலைஞர்கள் பலர் அதில் பணியாற்றினர். ஃபெர்னான்டெலும் அவர்களில் ஒருவர். 1942-ல் 'சாம்ப்லே', 1943-ல் 'அத்ரியன்' ஆகிய படங்களை அந்நிறுவனத்துக்காக அவரே இயக்கி நடித்தார். அரசியல் பிரசாரம் அற்ற எளிய நகைச்சுவைகள் அவை. ஆனாலும் ஆக்கிரமிப்பாளரின் நிதியில் எடுக்கப்பட்டவை என்ற உண்மை மாறாது. விடுதலைக்குப் பின் அந்நிறுவனத்தில் பணியாற்றிய சிலர் தடையையும் சிறையையும் சந்தித்தனர். ஃபெர்னான்டெலின் திரைவாழ்வோ தடைபடவில்லை. பட்டினியும் அச்சமும் நிறைந்த ஆண்டுகளில் மக்களுக்குச் சிரிப்பு வழங்கியது ஆறுதலா, சமரசமா என்ற கேள்வி அக்காலக் கலைஞர்கள் பலரைப் போலவே அவரது வரலாற்றிலும் நிலைத்திருக்கிறது.

1945-ல் வெளிவந்த 'நாயிஸ்' அவரது நடிப்புத் திறனின் மற்றொரு உச்சம். எமிலி ஸோலாவின் கதையைத் தழுவிய இப்படத்துக்குப் பாஞோல் திரைக்கதை எழுதினார். தான் நேசிக்கும் பெண் வேறொருவனை விரும்புவதை அறிந்தும், அவர்களின் காதலைக் காத்து நிற்கும் கூனல் முதுகுத் தொழிலாளியாக ஃபெர்னான்டெல் வாழ்ந்துகாட்டினார்.

உலகம் அறிந்த பாதிரியார்:

1951-ல் இரண்டு முக்கியப் படங்கள் வெளியாயின. முதலாவது, பாஞோலின் புகழ்பெற்ற நாடகமான 'தொபாஸ்'. நேர்மை காரணமாகப் பள்ளியிலிருந்து வெளியேற்றப்பட்ட ஆசிரியர், ஊழல்வாதிகளின் கைப்பாவையாகி, பின்னர் அவர்களையே மிஞ்சுகிறார். இரண்டாவது, க்ளோத் ஓதான்-லாரா இயக்கிய 'சிவப்பு விடுதி'. தங்க வரும் பயணிகளை விடுதிக்காரர்கள் கொலை செய்வதைப் பாவமன்னிப்பு அறிக்கை வழியாக அறிந்துகொள்ளும் துறவி, அந்த இரகசியத்தை வெளியிட முடியாமல் தவிக்கிறார். கறுப்பு நகைச்சுவைக்கு முன்னோடியாக இப்படம் மதிக்கப்படுகிறது.

அடுத்த ஆண்டு வந்த வேடம் அவரை ஐரோப்பா முழுவதற்கும் சொந்தமாக்கியது. இத்தாலிய எழுத்தாளர் ஜொவான்னினோ குவரெஸ்கி உருவாக்கிய தொன் கமில்லோ என்ற பாதிரியார் பாத்திரம் அது. போருக்குப் பிந்தைய இத்தாலியில், போ நதிச் சமவெளியின் சிற்றூர் ஒன்றில், முரட்டுத்தனமும் இளகிய மனமும் கொண்ட பாதிரியாருக்கும் கம்யூனிஸ்ட் மேயர் பெப்போனேவுக்கும் இடையே ஓயாத மோதல். பாதிரியார் முட்டியை மடக்கவும் தயங்க மாட்டார். தவறு செய்தால் சிலுவையில் இருக்கும் கிறிஸ்து அவரைக் கண்டிப்பார். ஊருக்கு ஆபத்து வந்தாலோ இரு எதிரிகளும் ஒரே பக்கம் நிற்பார்கள்.

ழூலியன் துவிவியே இயக்கிய 'தொன் கமில்லோவின் சிற்றுலகம்' 1952-ல் வெளியானது. மேயராக இத்தாலிய நடிகர் ஜீனோ செர்வி நடித்தார். பிரான்ஸில் மட்டும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இப்படத்தைத் திரையரங்குகளில் கண்டனர். பனிப்போர் முற்றி நின்ற காலத்தில், தேவாலயமும் செங்கொடியும் ஒரே ஊரில் சண்டையிட்டபடியே சேர்ந்து வாழ முடியும் என்ற கதை இரு தரப்பினரையும் ஈர்த்தது. அதைத் தொடர்ந்து 1953, 1955, 1961, 1965 ஆகிய ஆண்டுகளில் மேலும் நான்கு படங்கள் வெளிவந்தன. படப்பிடிப்பு நடந்த பிரெஷெல்லோ என்ற இத்தாலிய ஊரின் சதுக்கத்தில் இன்றும் பாதிரியார், மேயர் இருவரின் சிலைகளும் எதிரெதிரே நிற்கின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

அந்த வேடத்தின் புகழை அவரே கேலி செய்யவும் செய்தார். 1954-ல் ஆன்ரி வெர்னய் இயக்கிய 'ஐந்து கால் ஆட்டுக்குட்டி' படத்தில் தந்தை, ஒரே பிரசவத்தில் பிறந்த ஐந்து மகன்கள் என ஆறு வேடங்களை ஏற்றார். மகன்களில் ஒருவர் பாதிரியார். தொன் கமில்லோ பட நடிகரின் சாயலில் இருப்பதால் ஊரார் அனைவரும் தம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பதே அவரது மனக்குறை.

மாட்டுடன் நடந்த கைதி:

1956-ல் '80 நாட்களில் உலகைச் சுற்றி' என்ற ஹாலிவுட் படத்தில் குதிரை வண்டிக்காரராகவும், 1958-ல் அமெரிக்க நகைச்சுவை நடிகர் பாப் ஹோப்புடன் 'பாரிஸ் ஹாலிடே' படத்திலும் தோன்றினார். எனினும் அவரது இயல்பான நிலம் பிரான்ஸாகவே இருந்தது.

1959-ல் வெர்னயின் இயக்கத்தில் 'பசுவும் கைதியும்' வெளியானது. ஜெர்மனியில் பண்ணை வேலையில் அமர்த்தப்பட்ட பிரெஞ்சுப் போர்க்கைதி ஷார்ல் பாயி, தப்பிச் செல்ல எளிய வழி ஒன்றைக் கண்டுபிடிக்கிறார். கையில் பால் வாளி, பக்கத்தில் மார்கரித் என்ற பசு. மாட்டை ஓட்டிக்கொண்டு நடப்பவனை யாரும் தப்பியோடுபவன் எனச் சந்தேகிப்பதில்லை. நாடு முழுவதையும் அவ்வாறே நடந்து கடந்து, இறுதியில் பசுவிடம் விடைபெறுகிறார். பின்னர் காவலர்களிடமிருந்து தப்பும் அவசரத்தில் அவர் ஏறும் ரயிலோ மீண்டும் ஜெர்மனிக்கே செல்கிறது.

போர் முடிந்து 14 ஆண்டுகளே ஆகியிருந்தன. முகாம்களில் ஆண்டுகளைத் தொலைத்த லட்சக்கணக்கான பிரெஞ்சு வீரர்கள் உயிருடன் இருந்தனர். வீரசாகசக் கதைகளில் தங்களைக் காண முடியாத அவர்கள், மாட்டுடன் நடந்த எளிய மனிதனிடம் தங்களைக் கண்டனர். அந்தப் படத்தை பிரான்ஸில் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பார்த்தனர். அந்த ஆண்டின் மிகப்பெரிய வெற்றிப் படமாக அது அமைந்தது.

எழுத்தாளர் ஜியோனோ தாமே இயக்கிய 'க்ரேசுஸ்' 1960-ல் வெளியானது. மலையில் ஆடு மேய்க்கும் தனிமனிதர், போரின்போது விழுந்து கிடந்த ஒரு குண்டின் கூட்டுக்குள் பெரும் பணக்குவியலைக் கண்டெடுக்கிறார். பணம் வந்ததும் நிம்மதி போய்விடுகிறது. யாருக்குக் கொடுப்பது, எப்படிச் செலவிடுவது என்று தெரியாமல் அவர் திணறுகிறார், ஊரும் குழம்புகிறது. தபால்காரர் வாரிசான கேளிக்கைக் கதைக்கும் ஆடு மேய்ப்பவர் செல்வந்தரான இந்தக் கதைக்கும் இடையே இருபது ஆண்டுகள். கேள்வி ஒன்றே, அதைச் சொல்லும் முகத்தில் மட்டும் வயதின் ஆழம் கூடியிருந்தது.

இறுதி ஆண்டுகள்:

1963-ல் நெருங்கிய நண்பரும் பிரெஞ்சுத் திரையின் மற்றொரு தூணுமான ழான் காபனுடன் இணைந்து தயாரிப்பு நிறுவனம் ஒன்றை ஃபெர்னான்டெல் தொடங்கினார். இருவர் பெயர்களின் முதல் எழுத்துகளைச் சேர்த்து 'காஃபேர்' எனப் பெயரிட்டனர். 1964-ல் இருவரும் இணைந்து நடித்த 'இரண்டுங்கெட்டான் வயது' படத்தில் மகன் ஃபிராங்கும் நடித்தார். 1963-ல் பூர்வில்லுடன் நடித்த 'வெண்ணெய்ச் சமையல்' படமும் ரசிகர்களின் பெரும் வரவேற்பைப் பெற்றது.

படப்பிடிப்பு இல்லாத நாட்களில் மார்சேய்க்கு அருகே, கடலோரச் சிற்றூரான கர்ரி-லெ-ரூவேயில் உள்ள தமது இல்லத்தில் தங்குவது அவரது வழக்கம். பாரிஸ் அவருக்குப் புகழைத் தந்தது. ஆனால் பேச்சிலும் பழக்கத்திலும் அவர் கடைசிவரை தெற்கத்தியராகவே இருந்தார்.

1970-ல் வெளியான 'யுலிஸைப் போல் மகிழ்ந்தவன்' அவர் நடித்து முடித்த கடைசிப் படம். காளைச் சண்டைக் களத்தில் பலியாக விற்கப்பட்ட முதிய குதிரையைக் காப்பாற்றி, கமார்க் சதுப்பு நிலத்தில் சுதந்திரமாக விட்டுவர நடந்து செல்லும் பண்ணை வேலையாள் வேடம். இளமையில் குதிரை முகம் எனக் கேலிக்கு ஆளானவர், ஒரு குதிரையின் விடுதலைக்காக நடந்த கதையுடன் திரையிலிருந்து விடைபெற்றார்.

அதே ஆண்டு ஆறாவது தொன் கமில்லோ படத்தின் பணிகள் இத்தாலியில் தொடங்கின. படப்பிடிப்பின் நடுவே ஃபெர்னான்டெலின் உடல்நிலை மோசமடைந்தது. பணிகள் நிறுத்தப்பட்டன. நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த அவர், 1971-ம் ஆண்டு பிப்ரவரி 26-ம் தேதி பாரிஸில் தமது 67-வது வயதில் காலமானார். பாரிஸின் பாஸி கல்லறைத் தோட்டத்தில் அவரது உடல் நல்லடக்கம் செய்யப்பட்டது.

பாதியில் நின்ற படத்தை வேறொரு பாதிரியாருடன் தொடர ஜீனோ செர்வி முன்வரவில்லை. இருபது ஆண்டுகளாகத் திரையில் தம்முடன் மோதிய எதிரி இல்லாமல், மேயர் வேடத்துக்கு அவர் திரும்பவில்லை. பின்னர் வேறு நடிகர்கள், வேறு இயக்குநருடன் அந்தப் படம் புதிதாக எடுக்கப்பட்டு 1972-ல் வெளியானது. செர்வி 1974-ல் மறைந்தார்.

விட்டுச்சென்ற சொத்து:

நான்கு பதின்ம ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட படங்களில் ஃபெர்னான்டெல் நடித்தார். அவற்றில் கணிசமானவை அவசரமாக எடுக்கப்பட்டு, அவரது முகத்தை மட்டுமே நம்பி ஓடியவை. எஞ்சியவற்றில் சத்துர்னன், இரேனே, தொன் கமில்லோ, பசுவுடன் நடந்த கைதி ஆகியோர் இன்றும் பிரான்ஸிலும் இத்தாலியிலும் தொலைக்காட்சி வழியே புதிய தலைமுறைகளைச் சந்திக்கின்றனர். மகன் ஃபிராங்க் பாடகராகவும் நடிகராகவும் தந்தையின் வழியில் சென்று, 2011-ல் காலமானார்.

அலுவலக வேலைக்கு நடுவே மேடையில் பாடிய தந்தையிடமிருந்து ஆசையையும், கேலிக்கு உள்ளான முகத்தையும் தவிர ஃபெர்னான்டெலுக்கு வேறெதுவும் சொத்தாகக் கிடைக்கவில்லை. அந்த இரண்டையும் கொண்டு அவர் உருவாக்கிய எளிய மனிதர்களைப் பார்த்து, அவர் மறைந்து அரை நூற்றாண்டு கடந்த பின்னரும் மக்கள் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.